நடுவில் கட்டிய கயிறு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து நானும் மகளும் ‘ஹேர்ஸ்ப்ரே’ பார்த்துக்கொண்டிருந்தோம். 2007இல் வந்த படம். பள்ளிக்கூட ஜிம்மில் எல்லாரும் ஆடுகிற காட்சி. பாட்டு உச்சத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்போது அவள் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்திவிட்டாள்.

“ஏம்மா நடுவுல கயிறு கட்டி வச்சிருக்காங்க?”

அப்போதுதான் பார்த்தேன். ஹாலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கயிறு. இந்தப் பக்கம் வெள்ளைக்காரப் பிள்ளைகள், அந்தப் பக்கம் கறுப்பினப் பிள்ளைகள். ஒரே ஹால், ஒரே பாட்டு.

இத்தனைக்கும் நான் இந்தப் படத்தை முதல் தடவை பார்க்கவில்லை. இவள் வயிற்றில் இருந்தபோது, டாக்டர் படுத்தே இருக்கச் சொன்ன நாட்களில், ஏதோ ஒரு ஆங்கில சானலில் மூன்று நான்கு முறை பார்த்திருக்கிறேன். கலர் கலரான கவுன்கள், கோபுரம் மாதிரித் தூக்கிக் கட்டிய கொண்டைகள், பெண் வேஷத்தில் ஜான் டிரவோல்டா, சிரிப்பு, பாட்டு. நினைவில் நின்றது இவ்வளவுதான். கயிறு நினைவில் இல்லை. அப்போதும் அது திரையில் இருந்திருக்கும், என் கண்ணில்தான் படவில்லை.

படம் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1962, அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். டிரேஸி என்ற குண்டுப் பெண்ணுக்கு உள்ளூர் டிவியில் தினமும் வரும் நடன நிகழ்ச்சியில் ஆட வேண்டும் என்று ஆசை. உடம்பைக் காட்டிக் கேலி செய்து துரத்துகிறார்கள். பள்ளியில் தண்டனை வகுப்பில் உட்கார வைக்கிறார்கள், அங்கே சீவீட் என்ற கறுப்பினப் பையனிடம் புது ஸ்டெப்புகள் கற்றுக்கொள்கிறாள். அப்புறம் நிகழ்ச்சிக்குள் நுழைந்து ஊரின் செல்லப்பிள்ளை ஆகிறாள். அந்த நிகழ்ச்சியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள்தான். அதையும் ரத்து செய்கிறார்கள். ஊர்வலம், போலீஸ், கடைசியில் எல்லாரும் ஒரே மேடையில் ஆட்டம். சுபம்.

படம் முடிந்ததும் மகள் கேட்ட அடுத்த கேள்வி, “இது நிஜமா நடந்துச்சா?”

பாதி நடந்தது. அந்தப் பாதியைத் தேடிப் படித்ததில்தான் ராத்திரி தூக்கம் போனது.

நிஜ நிகழ்ச்சியின் பெயர் ‘தி படி டீன் ஷோ’. பால்டிமோரின் டபிள்யூஜேஇஸட் சானலில் 1957இல் தொடங்கியது. பள்ளி விட்டு வந்ததும் ஊர்ப் பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்களாம். அதில் நிரந்தரமாக ஆடும் பிள்ளைகளுக்குக் ‘கமிட்டி’ என்று பெயர். கமிட்டியில் இருப்பவர்கள் அந்த ஊரில் கிட்டத்தட்ட நட்சத்திரங்கள். எல்லாரும் வெள்ளையர். கறுப்பினப் பிள்ளைகளுக்கு மாதத்தில் ஒரு நாள் தனியாக ஒதுக்கியிருந்தார்கள். ஆடிய பாட்டுகளில் பெரும்பகுதி கறுப்பினக் கலைஞர்களுடையது. பாட்டு தினமும் உள்ளே வரலாம், பாடியவரின் இனத்துப் பிள்ளைகள் மாதம் ஒருமுறைதான் வரலாம்.

படத்தை எடுத்தவர்கள் இதைத் தெரிந்தே ஒரு பாட்டாக வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே நிகழ்ச்சி நடத்துபவர் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, இங்கே ஆடுவதெல்லாம் ஊரிலேயே நல்ல பிள்ளைகள் என்று துள்ளலாகப் பாடுகிறார். பாடுகிற வேகத்தில், மாதம் ஒருநாள் ‘நீக்ரோ டே’ என்பதும் ஒரு வரியாக வந்து போகிறது. சிரித்த முகம், தாளம் தப்பாத வரி. எனக்கு இந்தப் படத்திலேயே பயங்கரமான இடம் அதுதான். வில்லி கத்துகிற காட்சிகளைவிட இது நூறு மடங்கு பயங்கரம். அந்த ஊரில் இது சண்டை போடுகிற விஷயமாகக்கூட இல்லை, கிழமை அட்டவணை மாதிரி ஒரு ஏற்பாடு.

இன்னொரு காட்சியும் எனக்கு முதல் தடவை பிடிபடவில்லை. மூன்று வெள்ளைக்காரப் பெண்கள் ஒரு பாட்டைப் பாடுகிறார்கள். சுமார்தான். உடனே வெட்டி, அதே பாட்டை மூன்று கறுப்பினப் பெண்கள் அவர்களுடைய நாளில் பாடுவதைக் காட்டுகிறார்கள். பாட்டுக்கு உயிரே அப்போதுதான் வருகிறது. டிவி நிலையத்தின் மேலாளர் (மிஷெல் ஃபைஃபர்) எரிந்து விழுகிறாள், எங்கள் பாட்டை எப்படிப் பாடலாம் என்று. அந்தத் தனி நாளை நடத்தும் மேபெல்லாக வரும் குவீன் லத்தீஃபா, எழுதியதே அந்தப் பெண்கள்தான் என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த வசனத்துக்கு நான் சோபாவில் எழுந்து உட்கார்ந்தேன். மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

சரி, நிஜத்தில் முடிவு என்ன ஆனது?

பால்டிமோரில் மார்கன் ஸ்டேட் என்று கறுப்பின மாணவர்கள் படிக்கும் புகழ்பெற்ற கல்லூரி ஒன்று உண்டு. அங்கே படித்த பிள்ளைகள் 1955லேயே ரீட்ஸ் என்ற மருந்துக் கடையில் உட்கார்ந்து போராடியவர்கள். அந்தக் காலத்தில் அங்கே மருந்துக் கடைகளில் சாப்பாட்டு கவுன்ட்டரும் இருக்கும், அதில் கறுப்பினத்தவர் உட்கார முடியாது. எல்லாரும் பேசுகிற, கிரீன்ஸ்பரோ நகரத்துக் கடை கவுன்ட்டரில் இதே மாதிரி உட்கார்ந்து நடத்திய போராட்டம் அதற்கு ஐந்து வருஷம் கழித்துத்தான். பிறகு அந்த மாணவர்களை மையமாக வைத்து ‘சிவிக் இன்டரஸ்ட் குரூப்’ என்று ஓர் அமைப்பு உருவானது. சாப்பாட்டுக் கடை, சினிமா தியேட்டர் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். கடைசியில் டிவி ஸ்டுடியோ கதவுக்கும் வந்தார்கள்.

1963 ஆகஸ்ட் 12. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய நாள். அந்த நாளுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு கறுப்பினப் பிள்ளைகளோடு வெள்ளைக்காரப் பிள்ளைகளும் சேர்ந்து உள்ளே போனார்கள். சேர்ந்து ஆடினார்கள். நிகழ்ச்சி ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது.

இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சினிமாவில் கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர் மேடைக்குள் வருகிறார்கள், டிரேஸி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறாள். நிஜத்தில் நேர் எதிர். வெள்ளைக்காரப் பிள்ளைகள் அந்த ஒரு நாளுக்குள் போய் நின்றார்கள். நுழைவதற்குச் சந்து எங்கே இருக்கிறது என்று யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எவ்வளவு புத்திசாலித்தனம்! தனி நாள் என்று பிரித்து வைத்த ஏற்பாட்டை அந்தத் தனி நாளை வைத்தே உடைத்திருக்கிறார்கள். எந்தத் திரைக்கதை ஆசிரியருக்குத் தோன்றும் இது?

அப்புறம் நடந்தது சினிமாவில் இல்லை. சானலுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது, கொளுத்திவிடுவோம் என்று மிரட்டல் வந்தது, வசைக் கடிதங்கள் வந்தன. வெள்ளைக்காரப் பெற்றோர்கள் கொந்தளித்தார்கள். பிள்ளைகளைச் சேர்த்து ஆடவிடுவதா வேண்டாமா என்று இழுபறி. கடைசியில் சானல் எடுத்த முடிவு, நிகழ்ச்சியையே மூடிவிடுவது. 1964 ஜனவரி 4 அன்று கடைசி ஒளிபரப்பு. யாரும் ஆட வேண்டாம், அவ்வளவுதான்.

மகளிடம் சொன்னேன். “அப்போ படம் பொய்யா?” என்றாள்.

இதில்தான் எனக்கும் இந்தப் படத்தை மட்டம் தட்டுகிறவர்களுக்கும் கருத்து வேறுபாடு. சந்தோஷமான முடிவை வைத்ததற்காக நான் கோபப்பட மாட்டேன். முதலில் 1988இல் இந்தக் கதையை எழுதி இயக்கிய ஜான் வாட்டர்ஸ் பால்டிமோர்க்காரர். அந்த நிகழ்ச்சியை டிவியில் பார்த்து வளர்ந்தவர். அது எப்படி மூடப்பட்டது என்று அவருக்குத் தெரியாதா என்ன? நிகழ்ச்சியை நடத்திய படி டீனையே அந்தப் படத்தில் சின்ன வேஷத்தில் நடிக்க வைத்திருக்கிறார். அதுவரை முகம் சுளிக்க வைக்கிற படங்களாக எடுத்துக்கொண்டிருந்த மனுஷன், தன் ஊர் செய்யத் தவறியதை சினிமாவிலாவது செய்து காட்டினார். அதில் ஒரு குறும்பும் இருக்கிறது, ஒரு வருத்தமும் இருக்கிறது. டிரேஸியின் அம்மா வேஷம் போட்ட டிவைனும் அதே ஊர்தான், இயக்குநரின் பழைய சிநேகிதர், ஆண். படம் வெளியான சில நாட்களிலேயே இறந்துபோனார். அன்றிலிருந்து அந்த அம்மா வேஷத்தை ஓர் ஆண் போடுவது வழக்கமாகிவிட்டது. 2002இல் பிராட்வே மேடைக்கு வந்தபோது ஹார்வி ஃபயர்ஸ்டீன், 2007இல் டிரவோல்டா. டிரவோல்டா நன்றாக ஆடுகிறார், ஆனால் அந்த ரப்பர் உடம்புக்குள் கொஞ்சம் தொலைந்துபோகிறார் என்பது என் எண்ணம். சண்டைக்கு வராதீர்கள்.

எனக்கு உறுத்துவது யார் கையில் காரியத்தைக் கொடுத்தார்கள் என்பதுதான். இந்தத் தடவை பார்க்கும்போது கவனித்தேன், ஊர்வலம் போகலாம் என்ற யோசனையே டிரேஸி வாயிலிருந்துதான் வருகிறது. மேபெல் இத்தனை வருஷம் அதே ஊரில், அதே ஸ்டுடியோவில், மாதம் ஒருநாளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள். அவளுக்குத் தோன்றாதது, நேற்று தண்டனை வகுப்பில் விஷயத்தைத் தெரிந்துகொண்ட பெண்ணுக்குத் தோன்றுகிறதாம். நிஜ பால்டிமோரில் எட்டு வருஷமாக உட்கார்ந்து, நடந்து, ஜெயிலுக்குப் போய்ப் பழகிய பிள்ளைகள் இருந்தார்கள். சினிமாவுக்கு வந்தபோது அவர்கள் பின்வரிசைக்குப் போய்விட்டார்கள்.

குண்டாக இருப்பதையும் கறுப்பாக இருப்பதையும் ஒரே தராசில் வைப்பதும் அப்படித்தான். இரண்டு பேரையும் ஒதுக்குகிறார்கள், ஆகவே இருவரும் ஒரே கட்சி என்கிறது படம். கேட்க இதமாக இருக்கிறது. நானும் பள்ளியில் ‘குண்டு’ என்று பட்டப்பெயர் வாங்கியவள், டிரேஸி ஆடும்போது எனக்குக் கண் கலங்கத்தான் செய்கிறது. ஆனால் டிரேஸி படத்தின் முதல் பாதி முடிவதற்குள் நிகழ்ச்சிக்குள் போய்விடுகிறாள். சீவீடின் தங்கை ஐனஸ் கடைசிக் காட்சிவரை காத்திருக்கிறாள். அந்த இடைவெளியைப் படமே காட்டுகிறது, அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

ஒன்று நியாயமாகச் சொல்ல வேண்டும். 2007 படம் கடைசியில் நிகழ்ச்சியின் போட்டியில் ஜெயிப்பவருக்கான கிரீடத்தை டிரேஸிக்குத் தராமல் அந்தச் சின்னப் பெண் ஐனஸுக்குத் தருகிறது. ஊர்வலக் காட்சியில் டிரேஸிக்குப் பாட்டே கிடையாது, மேபெல் மட்டும் முன்னால் நடந்துகொண்டு பாடுகிறார். படம் முழுக்க ஒருத்தரும் ஆடாமல் நடக்கிற பாட்டு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். குவீன் லத்தீஃபா குரலில் அவசரமே இல்லை. மகள் போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள், எங்கள் வீட்டில் அது பெரிய விருது.

1988 படத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா வரும். அதற்குப் பின்னாலும் நிஜம் இருக்கிறது. பால்டிமோரை ஒட்டி க்வின் ஓக் என்று ராட்டினங்கள் உள்ள பூங்கா, வெள்ளையருக்கு மட்டும். 1963 ஜூலையில் அதன் வாசலில் பாதிரியார்களும் மாணவர்களும் கூட்டம் கூட்டமாகக் கைதானார்கள். ஆகஸ்ட் 28, வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே நாள், அந்தப் பூங்கா எல்லாருக்கும் திறந்தது. முதலில் ராட்டினக் குதிரையில் ஏறிய கறுப்பினக் குழந்தைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. ஸ்டுடியோவில் சேர்ந்து ஆடி பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. பூங்கா வழிக்கு வந்தது, டிவி வரவில்லை. அந்த ராட்டினத்தைப் பின்னாளில் வாஷிங்டனுக்குக் கொண்டுபோய் ‘நேஷனல் மால்’ என்ற பெரிய திறந்தவெளியில் வைத்தார்கள்.

ராட்டினத்தில் முடிந்தது நடனத்தில் ஏன் முடியவில்லை என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ராட்டினத்தில் ஆளுக்கொரு குதிரை. நடனத்தில் ஒரு பையன் ஒரு பெண்ணின் கையைப் பிடிக்க வேண்டும், அதை ஊரே தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும். அந்தப் பெற்றோர்கள் பயந்தது இதற்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. படத்தில் டிரேஸியின் வெள்ளைக்காரத் தோழி பென்னியும் சீவீடும் முத்தமிடுகிற இடத்தை அவ்வளவு சத்தத்தோடு வைத்திருப்பதும் அதனால்தான் இருக்க வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் மகள் படத்தை மறுபடி போட்டாள். ஜிம் காட்சி வந்ததும் திரும்ப நிறுத்தினாள். எனக்குக் கயிறு ஞாபகம் வந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை. டிரேஸி சீவீடிடம் கேட்டுவிட்டு அந்த ஸ்டெப்பை எடுத்துக்கொள்கிற இடம் அது. பின்னால் ஓட்டி இரண்டு தடவை பார்த்தாள்.

“அந்தப் பக்கம்தான்மா நல்லா ஆடுறாங்க. கேமரா ஏன் உடனே இந்தப் பக்கம் ஓடி வந்துடுது?”