விதை இருக்கிறது, குழாய்தான் வேண்டும்

நகரத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு காய்கறித் தோட்டம் போடலாம் என்று கிளம்பினால் முதலில் வந்து சேர்வது விதைப் பொட்டலங்கள்தான். கூடவே நாற்றுகள், ஒரு பேனர், திறப்பு விழா. கொடுப்பவர்கள் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் விதை இல்லாமல் நின்றுபோன ஒரு சமூகத் தோட்டத்தைக்கூட நான் பார்த்ததில்லை. தண்ணீர் கிடைக்காமல் நின்றது உண்டு. இடத்துக்காரர் மனம் மாறி நின்றது உண்டு. எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்த ஒருவர் வேறு ஊருக்குப் போனதும் இரண்டே மாதத்தில் களை மூடிப்போனதும் உண்டு. இந்த மூன்றுக்கும் வழி செய்யாமல் தோட்டம் தொடங்குவதும் சரி, தொடங்கியவர்களைப் பாராட்டிவிட்டுப் போவதும் சரி, எனக்கு உடன்பாடில்லை.

முதலில் இடம். "சும்மாதானே கிடக்கிறது, பயிர் வைத்துக்கொள்ளுங்கள்" என்று வாய்வார்த்தையாகக் கிடைக்கும் மனையை நம்பி நாம் மண்ணைத் திருத்துகிறோம். கட்டட இடிபாடு கொட்டிக் கிடந்த தரை பயிருக்குத் தயாராக இரண்டு மூன்று வருடம் ஆகும். கல் பொறுக்கி, மட்கு உரம் போட்டு, மண் காயாமல் இலைதழை பரப்பி மூடாக்குப் போட்டு, மண்புழு வரத் தொடங்கும் நேரத்தில்தான் அந்த இடம் மற்றவர்கள் கண்ணிலும் அழகாகப் படுகிறது, இடத்துக்காரரும் திரும்பக் கேட்கிறார்.

லாஸ் ஏஞ்சல்ஸில் இது பெரிய அளவில் நடந்தது. 1992 கலவரத்துக்குப் பிறகு, நகரத்தின் தெற்குப் பகுதியில் 14 ஏக்கரில் ஒரு தோட்டம் உருவானது. சுமார் 350 குடும்பங்கள் அதில் பயிர் செய்தன. நிலம் நகர நிர்வாகத்தின் கையில் இருந்தது. 2003இல் அதைப் பழைய உரிமையாளருக்கே நிர்வாகம் விற்றுவிட்டது. 2006 ஜூனில் போலீஸ் வந்து எல்லோரையும் வெளியேற்றியது. தோட்டத்தை இடித்துத் தள்ளினார்கள். அந்தக் குடும்பங்களுக்கு விவசாயம் தெரியாமலா போயிற்று? நிலத்தின் மேல் அவர்களுக்கு எழுத்தில் எந்த உரிமையும் இருக்கவில்லை.

இதற்கு மாறான கதையும் உண்டு. நியூயார்க்கில் 1973இல் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்ணும் அவர் நண்பர்களும் குப்பை நிறைந்த ஒரு மூலை மனையைச் சுத்தம் செய்து தோட்டமாக்கினார்கள். மறு வருடமே மாதம் ஒரு டாலர் வாடகைக்கு நகர நிர்வாகத்திடம் அதை முறைப்படி வாங்கிவிட்டார்கள். அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது. அதே நகரத்தில் 1999இல் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலம் விட நிர்வாகம் முடிவு செய்தபோது, அறக்கட்டளைகள் பணம் திரட்டி அந்த நிலங்களை வாங்கித்தான் காப்பாற்ற முடிந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன்னும் ஒரு படி மேல். மக்கள் கேட்டால் பயிர் செய்யத் துண்டு நிலம் ஒதுக்க வேண்டியது உள்ளாட்சியின் கடமை என்று 1908ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அதற்கென்றே வாங்கிய நிலத்தை அரசின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது என்று 1925இல் இன்னொரு சட்டம் வந்தது. நாம் கேட்க வேண்டியது இந்த மாதிரி ஏற்பாட்டைத்தான். குறைந்தது ஐந்து வருட ஒப்பந்தம், காலி செய்யச் சொன்னால் விளைச்சல் முடியும் வரை அவகாசம். இந்த இரண்டு வரியாவது கையெழுத்தோடு கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். நான் போய் வந்த ஒரு தோட்டத்தில் குழாய் கிடையாது. தெருமுனையிலிருந்து வாளியில் சுமந்தார்கள். மழைக்காலம் வரை உற்சாகமாக ஓடியது. வெயில் ஏற ஏற வாளி பிடிக்க வரும் கைகள் குறைந்தன. ஒரு நாள் சாயங்காலம் போனபோது கத்தரிச் செடிகளெல்லாம் தலை தொங்கி நின்றன. ஓர் ஓரத்தில் அறுபது வயது அம்மா ஒருவர் மட்டும் தன் பாத்திக்கு ஒரு வாளி, பக்கத்துப் பாத்திக்கு அரை வாளி என்று ஊற்றிக்கொண்டிருந்தார். "அவங்களும் பாவம், வேலைக்குப் போறவங்கப்பா" என்றார். அவரைப் போன்றவர்களின் முதுகின் மேல் எத்தனை நாள் ஒரு தோட்டத்தை நடத்துவது? ஒரு குழாய் இணைப்பும் ஒரு தொட்டியும் இருந்திருந்தால் போதும். அதைச் செய்து தர ஆள் இல்லை. நாற்று கொடுக்க மட்டும் மறுபடி ஆள் வந்தார்கள்.

மண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இது உடம்பு சம்பந்தப்பட்டது. பழைய கட்டடங்களின் பெயின்டிலும், முன்பு வாகனங்களுக்கு ஊற்றிய பெட்ரோலிலும் ஈயம் இருந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை உலகம் முழுக்க நின்றதே 2021இல்தான். மண்ணில் இறங்கிய ஈயம் தானாக மறையாது, பல தலைமுறைக்கு அங்கேயே கிடக்கும். அதனால் சாலையோர மனை, இடிந்த வீடு இருந்த மனை, பழைய பட்டறை என்றால் பரிசோதனைக்கூடத்துக்கு மண் மாதிரி அனுப்பாமல் கீரை விதைக்காதீர்கள். ஈயத்தைப் பொறுத்தவரை கீரையிலும் கிழங்கிலும்தான் ஆபத்து அதிகம், ஒட்டிக்கொள்ளும் மண்ணும் தூசியும் அதில் சேர்த்தி. தக்காளி, கத்தரி போன்ற காய்களில் குறைவு. சந்தேகம் இருந்தால் கீழே துணி விரித்து, வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து மேட்டுப்பாத்தி போடுங்கள். பழைய ரயில் கட்டை, ரசாயனம் ஏற்றிய மரம் எதையும் பாத்திக்குச் சட்டமாக வைக்க வேண்டாம். குழந்தைகள் கை வைக்கும் இடம் அது. இந்தப் பரிசோதனைச் செலவை நகர நிர்வாகம் ஏற்றுக்கொண்டால், திறப்பு விழாவுக்கு ஆகும் பணத்தைவிட எவ்வளவோ பயன்.

கடைசியாக ஆட்கள். இதுதான் கஷ்டமான பகுதி. எல்லோருக்கும் பொதுவாக ஒரே தோட்டமா, ஆளுக்கு ஒரு பாத்தியா என்று கேட்டால், நான் பாத்தி பிரிப்பதையே சொல்வேன். தன் பாத்தி காய்ந்தால் மனிதருக்கு உறைக்கிறது. பொதுவில் காய்ந்தால் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று தோன்றுகிறது. அப்புறம் உரக்குழி, வேலி, கருவிக் கொட்டகை மட்டும் பொதுவில் இருக்கட்டும், அதற்கு முறை வைத்து வேலை. ஊருக்குப் போகிறவர் பாத்தியை யார் பார்ப்பது, எத்தனை வாரம் கவனிக்காமல் விட்டால் அடுத்தவருக்குப் போகும் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். சண்டை வந்த பிறகு எழுதினால் யாரோ ஒருவரைக் குறிவைத்து எழுதியதாகத்தான் படும்.

அதோடு, சம்பளம் வாங்கும் ஒருவர் வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு தோட்டத்துக்கு ஒருவர் என்றில்லை, பத்துத் தோட்டத்துக்கு ஒருவர் போதும். வாரம் ஒருமுறை ஒவ்வோர் இடத்துக்கும் போய், பூச்சி விழுந்ததைப் பார்த்து, உடைந்த குழாய்க்கு ஆள் பிடித்து, சாவி யாரிடம் என்று தெரிந்து வைத்திருக்கும் ஒருவர். தொண்டு மனப்பான்மை நல்லதுதான், அதற்காக ஒரே மனிதரை வருடக்கணக்கில் பிழிந்தெடுப்பது நியாயமில்லை. நகரப் பூங்காக்களுக்குச் சம்பளத்துக்கு ஆள் வைக்கிறோம், அது யாருக்கும் தப்பாகப் படவில்லை. பக்கத்திலேயே ஜனங்கள் காய் விளைவிக்கும் இடத்துக்கும் அதே பட்ஜெட்டிலிருந்து ஒருவரைப் போடச் சொல்லி உங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுதிக் கொடுங்கள். மனுவில் ஒப்பந்தக் காலம், குழாய் இணைப்பு, மண் பரிசோதனை, இந்தச் சம்பளம் நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றை மறுத்தால் மற்ற மூன்றும் அதோடு சேர்ந்து போய்விடக் கூடாது.