பென்யமீனுக்கு முதலில் வைத்த பெயர்

பைபிளில் வரும் யாக்கோபின் மகன் பென்யமீனின் பெயரைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அதற்கு 'வலக்கையின் மகன்' என்று பொருள் சொன்னது சரி. ஆனால் அதற்கு முன்னால் அவனுக்கு வேறு பெயர் இருந்ததை விட்டுவிட்டீர்களே! பிரசவத்தில் உயிர் பிரியும் நேரத்தில் அவன் தாய் ராகேல் வைத்தது பெனொனி, அதாவது 'என் துக்கத்தின் மகன்'. தகப்பன் யாக்கோபுதான் அதைப் பென்யமீன் என்று மாற்றினார் (ஆதியாகமம் 35:18). பிள்ளை காலமெல்லாம் அந்தத் துக்கத்தைச் சுமக்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ.

வேடிக்கை என்னவென்றால், வலக்கையின் பெயர் கொண்ட அவன் வழிவந்த கோத்திரத்தில்தான் இடக்கை வீரர்கள் வருகிறார்கள். இஸ்ரவேலரை மீட்ட தலைவன் ஏகூத் இடதுகைக்காரன். மயிரிழையும் தப்பாமல் கவண் எறிகிற 700 பேரும் அப்படியே (நியாயாதிபதிகள் 20:16). இஸ்ரவேலின் முதல் ராஜா சவுல், அப்போஸ்தலன் பவுல் இருவரும் இதே கோத்திரம். ஆங்கிலத்தில் பெஞ்சமின், அரபியில் பின்யாமீன். செல்லமாக பென், பென்னி. பெனொனி என்று வைப்பவர்கள்தான் மிகவும் அரிது.