'ஓய்வுக்கு அரசுப் பணமா?' என்ற கட்டுரைக்குப் பதில்

பிரான்சில் வெந்நீரூற்றுச் சிகிச்சைக்கு (ஊற்றுநீர்க் குளியல், சேற்றுப் பூச்சு போன்றவை) அரசு மருத்துவக் காப்பீடு பணம் தருவதை 'விடுமுறைக்கு மானியம்' என்கிறது கட்டுரை. நடைமுறையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. மருத்துவர் படிவத்தில் நோய்ப்பிரிவையும் ஊரையும் குறிக்க வேண்டும். மூட்டுவலிக்கு டாக்ஸ், தோல் நோய்க்கு லா ரோஷ்-போஸே என்று ஊருக்கு ஊர் பிரிவு மாறும். பொருந்தாத ஊரை எழுதினால் சிக்கல்தான். காப்பீட்டு அலுவலகத்தின் ஒப்புதல் கிடைத்த பிறகே கிளம்பலாம். ஒரே நோய்க்கு ஆண்டுக்கு ஒருமுறைதான்.

சிகிச்சை 18 நாள். ஞாயிறு விடுமுறை என்பதால் மூன்று வாரம் ஆகும். மருத்துவக் காரணமோ தவிர்க்கமுடியாத நிலைமையோ இல்லாமல் நடுவில் விட்டுப் போனால் பணம் திரும்பாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். முதல் வாரத்தில் சோர்வும் வலியும் கூடுவது சகஜம், அதைப் பார்த்துப் பயந்து ஊர் திரும்பிவிடுகிறார்கள். அங்குள்ள மருத்துவரிடம் சொன்னால் உடலில் சூடான சேற்றைப் பூசும் பற்றின் நேரத்தைக் குறைப்பார், அல்லது வேறு சிகிச்சைக்கு மாற்றுவார். வீக்கம் தீவிரமாக இருக்கும்போதும், ஆறாத புண், கட்டுக்குள் வராத இதய நோய் இருந்தாலும் போகவே கூடாது.

கட்டுரை தொடாத உண்மையான செலவு ஒன்று உண்டு: நீரில் வளர்ந்து நிமோனியாவை உண்டாக்கும் லீஜியோனெல்லா கிருமியைத் தடுப்பது. 25 முதல் 45 டிகிரி வரை அதற்குக் கொண்டாட்டம், குளியல் நீரும் ஏறக்குறைய அதே சூடு. ஊற்றுநீரின் இயல்பு கெடக்கூடாது என்பதால், நீச்சல்குளத்தில் போல் குளோரினைக் கொட்டிச் சமாளிக்க முடியாது. நீர் தேங்கும் முட்டுக் குழாய்களை வெட்டியெடுக்க வேண்டும், ஷவர் தலையில் படியும் சுண்ணாம்பைச் சுரண்ட வேண்டும், ஆள் இல்லாத நேரத்தில் குழாய்களை மிகச் சூடான நீரால் அலச வேண்டும். பரிசோதனையில் கிருமி தென்பட்டால் அந்தப் பகுதியை மூடத்தான் வேண்டும்.