டேலி ஆகாத தொப்பை

(சித்தப்பா கணக்கர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் அவரை விட்டது. கணக்கை அவர் விடவில்லை. மீனா அவருடைய அண்ணன் மகள், பிசியோதெரபி படிக்கிறாள். அவள் உள்ளே வரும்போது சித்தப்பா சோபாவில் சாய்ந்தபடி ஒரு கையை மட்டும் முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருக்கிறார்.)

மீனா: என்ன சித்தப்பா, கை வலியா?

சித்தப்பா: வாக்கிங் போயிட்டிருக்கேன்மா.

மீனா: இங்கேயேவா?

சித்தப்பா: ஆறாயிரம் ஸ்டெப் தாண்டியாச்சு, பாரு. இந்த வாட்ச் கை ஆடுறதத்தான் எண்ணுது. கால் என்ன பண்ணுதுன்னு அது கேக்கறதில்ல, நானும் சொல்றதில்ல.

மீனா: யாரை ஏமாத்தறீங்க?

சித்தப்பா: ஏமாத்தறதா? ரெக்கார்டு சுத்தமா இருக்கு. தினம் பத்தாயிரம் காட்டினா முடிஞ்சுது. அதானே ரூல்?

மீனா: அது ரூலே இல்ல சித்தப்பா. 1965-ல ஜப்பான்ல ஒரு கம்பெனி, நடக்கிற அடியை எண்ற கருவி ஒண்ணு வித்துச்சு. அதோட பேர்லயே பத்தாயிரத்தைச் சேர்த்து விட்டாங்க. விளம்பரத்துக்கு வெச்ச எண்ணு, அப்படியே உலகம் பூரா பரவிடுச்சு.

சித்தப்பா: (கை நின்றுவிடுகிறது) இத்தனை வருஷமா வவுச்சரே இல்லாத எண்ணா! ஒருத்தனும் கேக்கலையா?

மீனா: கேட்டாங்களே. அமெரிக்காவுல சராசரி 72 வயசுள்ள பெண்களை வெச்சுப் பண்ணின ஆய்வு 2019-ல வந்துச்சு. தினமும் 2,700 அடி எடுத்து வெச்சவங்களை விட 4,400 அடி எடுத்து வெச்சவங்ககிட்ட இறப்பு நல்லாவே குறைவா இருந்துச்சு. 7,500 வரைக்கும் இன்னும் குறைஞ்சுது, அதுக்கு மேல பெருசா மாறல.

சித்தப்பா: பெண்களை வெச்சா?

மீனா: ஆமா.

சித்தப்பா: அடுப்படியில உன் சித்தி இருக்கா. போய்ச் சொல்லு, அவ நடக்கணுமாம்.

மீனா: சித்தி காலையில இருந்து நின்னுட்டுத்தான் இருக்காங்க. நீங்க எழுந்திரிங்க. அடியை எண்ணப் பிடிக்கலையா, நிமிஷத்தை எண்ணுங்க. வாரத்துக்கு 150-ல இருந்து 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சின்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

சித்தப்பா: வாரக் கணக்கா? அப்படிச் சொல்லு! போன வாரத்துப் பாக்கியை இந்த வாரம் கொண்டுவரலாமா?

மீனா: போன வாரம் நீங்க நடக்கவே இல்லையே.

சித்தப்பா: நான் ஸ்கூல் படிக்கறப்ப நடந்திருக்கேன். அதெல்லாம் யார் கணக்குல போச்சு? ஓப்பனிங் பேலன்ஸ்னு ஒண்ணு இருக்கும்ல?

மீனா: உடம்புல அந்தப் பழைய இருப்பெல்லாம் நிக்காது சித்தப்பா. கொஞ்ச நாள் விட்டாலே இறங்க ஆரம்பிச்சிடும்.

சித்தப்பா: மோசமான பேங்க்கா இருக்கும் போலிருக்கே. சரி, மிதம்னா எவ்வளவு மிதம்? ரொம்ப மிதம் எனக்கு ஒத்துவரும்.

மீனா: நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும்.

சித்தப்பா: நான் உக்காந்திருக்கும்போதே பாட முடியாதே! உன் சித்தி கல்யாணமான புதுசுலயே தடை போட்டுட்டா. அப்ப இத்தனை வருஷமா நான் இருபத்து நாலு மணி நேரமும் மிதமான உடற்பயிற்சியிலதான் இருந்திருக்கேன்!

(மீனா பதில் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொள்கிறாள். பாடத்திட்டத்தில் இந்தக் கேள்வி இல்லை.)

மீனா: மேஜையில அது என்ன, தேன் பாட்டிலா?

சித்தப்பா: தெனம் காலையில வெந்நீர்ல ரெண்டு பெரிய ஸ்பூன் தேன். கொழுப்பு கரைஞ்சு ஓடிடும்.

மீனா: எந்தப் பக்கம் ஓடுது?

சித்தப்பா: அதை நான் பாக்கல. எல்லாரும் சொல்றாங்க.

மீனா: தேன் கொழுப்பைக் கரைக்காது. அதுவும் சர்க்கரைதான். பெரிய ஸ்பூன் ஒண்ணுல கிட்டத்தட்ட 60 கலோரி. உங்க ரெண்டு ஸ்பூனுக்கு 120. எழுபது கிலோ இருக்கிற ஒருத்தர் அரைமணி நேரம் நிதானமா நடந்தா செலவாகறதும் ஏறக்குறைய அதே 120.

சித்தப்பா: இரு இரு. வரவு 120. செலவு 120. (கண் பனிக்கிறது) மீனா, டேலி ஆயிடுச்சு!

மீனா: ஆகக் கூடாது சித்தப்பா! அதுதான் பிரச்சினையே.

சித்தப்பா: ஒரு பைசா வித்தியாசம் இல்லாம டேலி ஆனதைத் தப்புன்னு சொன்ன முதல் ஆள் நீதான்.

மீனா: அந்தச் செலவுப் பக்கமும் உங்க வாட்ச் எழுதினது. நிஜத்துல வரவு மட்டும்தான் நடந்திருக்கு, இதோ முன்னாடி தள்ளிக்கிட்டு நிக்குதே. ஆமா... சட்டைக்குள்ள அது என்ன?

சித்தப்பா: (சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு) பெல்ட். தொப்பையை மட்டும் குறைக்கிற பெல்ட். போட்டா வேர்த்துக் கொட்டுது. நேத்து அரைக் கிலோ குறைஞ்சுது தெரியுமா?

மீனா: அப்புறம் தண்ணி குடிச்சீங்களா?

சித்தப்பா: தாகமா இருந்துச்சு.

மீனா: எடை?

சித்தப்பா: ...அரைக் கிலோ ஏறிடுச்சு. மிஷின் கோளாறுன்னு நினைச்சேன்.

மீனா: வேர்வையில போனது தண்ணி, கொழுப்பில்ல. அதுவும் தொப்பையை மட்டும் தனியாக் குறைக்கவும் முடியாது. கொழுப்பை எங்க இருந்து எடுக்கணும்னு உடம்பே முடிவு பண்ணும்.

சித்தப்பா: எந்தக் கிளையில இருந்து எடுக்கறதுன்னு வாடிக்கையாளர் சொல்லக் கூடாதா? முதல்ல கன்னத்துல எடுத்துட்டாங்க, பாரு. பாக்கறவனெல்லாம் உடம்பு சரியில்லையான்னு கேக்கறான். அதனாலதான் நாளையில இருந்து மூணு நாள் வெறும் பழச்சாறுன்னு முடிவு பண்ணியிருக்கேன். உள்ள இருக்கிற நஞ்செல்லாம் வெளியேறணும்.

மீனா: அதுக்கு ரெண்டு பேரை ஏற்கெனவே வேலைக்கு வெச்சிருக்கீங்க. உங்க சிறுநீரகம் ரெண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுது. அதுல ஒண்ணரை, ரெண்டு லிட்டரை மட்டும் வெளிய அனுப்பிட்டு மிச்சத்தைத் திரும்ப உள்ளயே எடுத்துக்கும். கல்லீரல் வேற தனியா வேலை பாக்குது. பழத்தைச் சாறாக்காம அப்படியே கடிச்சுச் சாப்பிடுங்க, நாராவது கிடைக்கும்.

சித்தப்பா: 180 லிட்டரா? லீவு நாள்ல?

மீனா: லீவே கிடையாது.

சித்தப்பா: (இடுப்பைத் தடவிக் கொடுத்தபடி) பாவம்டா. நான் இவ்வளவு நாள் உங்களைக் கவனிக்கவே இல்லையே.

(அந்த உருக்கத்தில் கை தானாக மேஜைக்குப் போய் ஒரு பஞ்சுக் குச்சியை எடுத்துக் காதருகே கொண்டு போகிறது. மீனா பிடுங்கிக்கொள்கிறாள்.)

மீனா: காதுக்குள்ள குச்சி விடாதீங்க. அழுக்கை இன்னும் உள்ளதான் தள்ளும். அது தானா வெளிய வரும்.

சித்தப்பா: எல்லாம் தானாவே நடக்குதுன்னா நான் எதுக்கு?

மீனா: தசைக்கு. அது மட்டும் தானா வராது. வாரத்துல ரெண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கணும். வயசு ஏற ஏறத் தசை குறையும், விழுந்தா எழுந்திரிக்க முடியாமப் போயிடும். அந்த நாற்காலிக்கு வாங்க. கையை ஊணாம எழுந்து நில்லுங்க, திரும்ப உக்காருங்க. பத்துத் தடவை.

(சித்தப்பா நாற்காலிக்கு மாறி, முனகிக்கொண்டே எழுகிறார். தொப்பென்று விழுகிறார். நாற்காலியும் முனகுகிறது.)

சித்தப்பா: எழுந்தது ஒண்ணு, உக்காந்தது ஒண்ணு. ரெண்டாச்சு.

மீனா: ரெண்டும் சேர்ந்துதான் ஒண்ணு. அதுவும் இப்படி விழக் கூடாது. மூணு எண்ணி மெதுவா இறங்கணும். இறங்கும்போதும் தொடைத் தசை வேலை செய்யுது, நாளைக்கு வலிக்கப் போறதே பெரும்பாலும் அதனாலதான்.

சித்தப்பா: ஒரு நிமிஷம். உக்கார்றதும் உடற்பயிற்சியா?

மீனா: மெதுவா உக்காந்தா, ஆமா.

(சித்தப்பா எழுந்து நிற்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணி, மிக மிக மெதுவாக, பார்க்கவே மரியாதை வரும்படி, நாற்காலியில் அமர்கிறார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.)

மீனா: அருமை சித்தப்பா! ம், எழுந்திரிங்க.

சித்தப்பா: இன்னிக்கு உக்கார்ற பாகம் முடிஞ்சுது. எழுந்திரிக்கிற பாகத்தை நாளைக் கணக்குல எழுதிக்கோ.