களத்துக்குப் போகாத எம்.டெக். எதற்கு?

பொறியியலோ புவியியலோ முடித்துவிட்டு, "ரிமோட் சென்சிங், ஜிஐஎஸ் மேற்படிப்பில் சேரலாமா?" என்று கேட்கும் பிள்ளைகளிடம் தயங்காமல் சேரச் சொல்கிறேன். செயற்கைக்கோள் படங்களைப் படிப்பதும், அந்தத் தகவலைக் கணினி வரைபடமாக்கி ஆராய்வதும்தான் இந்தப் படிப்பு. ஆனால் அவர்கள் அடுத்துக் கேட்பது எனக்குக் கவலை தருகிறது: "எந்த சாஃப்ட்வேர் கற்றுத்தருவார்கள்?"

வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ் இலவசம். ஆர்வம் இருந்தால் வீட்டிலேயே பழகிவிடலாம். 1972 முதல் சேர்ந்துவரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008-லிருந்து இலவசம். தரையைப் பத்து மீட்டர் அளவு வரை பிரித்துக் காட்டும் சென்டினல்-2 படங்களுக்கும் காசு கேட்பதில்லை. படம் எல்லோர் கையிலும் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய் ஒன்றைக் கோடைக் காலப் படத்தில் பாருங்கள். செடிகொடிகள் அதிகம் திருப்பியனுப்பும் அகச்சிவப்பைச் சிவப்பாகக் காட்டும் வண்ணக் கலவையில் கண்மாயின் உள்வாய் முழுக்க அடர்சிவப்பாகத் தெரியும். கணினி அதைக் காடு என்று வகைப்படுத்திவிடும். கரையில் ஏறி நின்றால்தான் அது சீமைக் கருவேலம் என்பது தெரியும். மடை தூர்ந்திருக்கும், உபரிநீர் வழியும் கலுங்கில் செடி முளைத்திருக்கும். ஆனாலும் ஐப்பசி மழைக்கு அங்கே தண்ணீர் நிற்கும், கீழே நாலு ஊர் வயல் அதை நம்பியிருக்கும். அறிக்கையில் "காடு" என்று போய்விட்டால், தூர்வார வேண்டிய பட்டியலில் அந்தக் கண்மாய் இடம்பெறாமலே போகலாம். இதை எந்த மென்பொருளும் எச்சரிக்காது.

இப்போது பல ஆய்வேடுகளில் "வகைப்பாட்டுத் துல்லியம் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல்" என்று பெருமையாக எழுதியிருக்கிறார்கள். அதாவது காடு, வயல், நீர் என்று கணினி பிரித்தது, சரிபார்த்த புள்ளிகளில் அவ்வளவு சதவீதம் சரியாக இருந்ததாம். சரிபார்த்த புள்ளிகளை எங்கே எடுத்தார்கள் என்று பார்த்தால், ஆய்வகத்தில் உட்கார்ந்தபடியே கூகுள் எர்த்தில். படத்தை வைத்தே படத்தைச் சோதிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வழிகாட்டிகள் இதற்குக் கையெழுத்துப் போடக்கூடாது.

அளவையின் அடிப்படையும் அப்படித்தான் நழுவுகிறது. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய வரைபடத் தாள்கள் பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கான எவரெஸ்ட் நீள்கோளத்தின் மேல் வரையப்பட்டவை. கைபேசி ஜிபிஎஸ் இடத்தைக் காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு கணக்கில். உரிய மாற்றம் செய்யாமல் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் சென்னைப் பக்கத்தில் நூறு மீட்டருக்கும் மேல் விலகும். ஏரிக்கரை யாரோ ஒருவருடைய பட்டா நிலத்துக்குள் போய் விழும். அந்த வரைபடத்தை நம்பி ஆக்கிரமிப்பு நோட்டீஸ் போனால் அலையப்போவது அந்தக் குடும்பம். சங்கிலி பிடித்து அளந்து ஒவ்வொரு நிலத்தின் எல்லையையும் வரைந்த புலப்படங்களைச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்துவது இன்னும் கடினம். எல்லைக்கல்லைத் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊர்ப் பெரியவரிடமும் பேசத் தெரியாதவருக்கு அந்தக் கல் கிடைக்காது.

கிண்டி பொறியியல் கல்லூரியே 1794-இல் நில அளவைப் பள்ளியாகப் பிறந்ததுதான். இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி லாம்டனின் மாபெரும் முக்கோண அளவை, 1802-இல் பரங்கிமலை அருகே முதல் முக்கோணத்துக்கான அடிக்கோடு அளந்து தொடங்கியது. வெயிலில் நின்று அளந்த மரபு நமக்கு அருகிலேயே இருக்கிறது.

புவியிடத் தரவு விதிகளை 2021-இல் மத்திய அரசு தளர்த்திய பிறகு தனியார் நிறுவனங்களுக்கும் இத்துறையில் வழி திறந்திருக்கிறது. வேலைக்காகச் சேருவதில் தவறே இல்லை. சேரும் முன் அங்கே படிக்கும் மாணவர்களிடம் கேளுங்கள்: களப்பணி எத்தனை வாரம்? இடத்தைத் துல்லியமாக அளக்கும் டிஜிபிஎஸ் கருவி மாணவர் கைக்கு வருமா, பீரோவில் பூட்டியிருக்குமா? ஆய்வேட்டுக்குக் களப் புள்ளிகள் கட்டாயமா? கட்டாயமில்லை என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.