"பரவி நில்லுங்கடா!"ன்னு கத்துற கோச்சுகளுக்கு, நானும் உங்க ஆளுதான்

சாயங்காலம் எந்த ஸ்கூல் பாஸ்கெட்பால் கோர்ட்டுக்குப் போனாலும் பார்க்கலாம். பந்து ஒருத்தன் கையில். அவன் டீம் பசங்க நாலு பேரும் "பாஸ், பாஸ்"னு அவன் மூக்குக்கு முன்னாடியே கை நீட்டிட்டு நிப்பாங்க. தடுக்கிற அஞ்சு பேரும் அங்கேயேதான். வெளியில் கோச் தொண்டை கிழிய "பரவி நில்லுங்கடா!" என்பார். மூணு செகண்ட் பரவுவாங்க. அப்புறம் படையல் இலைக்குக் காக்கா கூடின மாதிரி மறுபடி பந்துக்கே வந்துடுவாங்க.

பாதி கோர்ட்னா 14 மீட்டருக்கு 15 மீட்டர். அதில் பத்துப் பேரும் ஒரு ரூம் அளவு இடத்தில் இடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

நானும் வருஷக்கணக்கா கத்தினேன். அப்புறம் சாக்பீஸால் அஞ்சு வட்டம் போட்டேன். டாப்பில் (ரிங்குக்கு நேரெதிரே) ஒண்ணு, விங்கில் (ரெண்டு பக்கவாட்டிலும்) ரெண்டு, கார்னரில் (ரிங் பக்கத்து மூலைகளில்) ரெண்டு. அழகா நின்னாங்க. நின்னாங்க, அவ்வளவுதான். ஒருத்தன் டிரிபிள் பண்ணிக்கிட்டு வட்டத்துக்கே வந்து மோதுறான். வட்டத்துக்காரன் நகரவே இல்லை. ஏண்டான்னு கேட்டா, "இது என் இடம் சார், நீங்கதான போட்டீங்க?"

அன்னிக்குத்தான் உறைச்சது. ஸ்பேஸிங்கை, அதாவது இப்படிப் பரவி நிக்கிறதை, ஆஃபென்ஸில் நிக்கிறவனுக்குச் சொல்லிக்கொடுத்தா ஏறாது. முதல்ல அவனை டிஃபென்ஸில் நிறுத்தணும்.

இப்போ இப்படிச் செய்றேன். ஒருத்தன் டிஃபென்ஸ். அவனுக்கு எதிரே ரெண்டு பேர், ரெண்டடி இடைவெளியில். "ரெண்டு பேரையும் நீ ஒருத்தனா கவர் பண்ணுவியா?" கையை விரிச்சுக் காட்டுவான், "ஈஸி சார்." சரின்னு அந்த ரெண்டு பேரையும் அஞ்சு மீட்டர் பிரிச்சு நிறுத்தி, மாத்தி மாத்தி பாஸ் போடச் சொல்வேன். நாலாவது பாஸில் நாக்கு வெளியே வந்துடும். அடுத்த நிமிஷம் அவனையே ஆஃபென்ஸுக்கு மாத்தினா, யாரும் சொல்லாமலே விலகி நிப்பான். எந்தத் தூரம் தன்னை நாய் மாதிரி அலைய விட்டதுன்னு அவன் காலுக்குத் தெரியும்.

"பசங்களுக்கு ஷூட்டிங்கே வராது, ஸ்பேஸிங் எதுக்கு?"ன்னு நண்பர்கள் கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான். மூணு பாயின்ட் கோடு 6.75 மீட்டரில் இருக்கு. அங்கிருந்து பதிமூணு வயசுப் பையன் எறியிறது ரிங்கைத் தொட்டாலே கைதட்டலாம். அவனைக் கவர் பண்றவன் "போடு ராசா"ன்னு விட்டுட்டு உள்ளே போய் நின்னுக்குவான். அதிலும் நாம ஆடுறது ஃபீபா (சர்வதேச பாஸ்கெட்பால் சங்கம்) ரூல். அமெரிக்காவோட என்பிஏ லீக்கில் ஆளைக் கவர் பண்ணாம பெயின்ட்டில் (ரிங்குக்கு முன்னாடி இருக்கிற கட்டத்தில்) மூணு செகண்டுக்கு மேல நின்னா டிஃபென்ஸுக்கும் விசில் உண்டு, 2001-02 சீசனில் வந்த ரூல். நம்ம பக்கம் தடுக்கிற உயரமானவன் ரிங்குக்குக் கீழே குடித்தனமே நடத்தலாம். டிவியில் பார்த்ததை அப்படியே இங்கே இறக்கினா பல்லிளிக்கிறது அதனால்தான்.

ஆனா தூரம் ஷூட்டருக்கு மட்டும்தான்னு நினைக்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். நீ கார்னரில் நின்னா உன்னைக் கவர் பண்றவனால் பந்தையும் உன்னையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது. தலையைத் திருப்பியே ஆகணும். அவன் பின்மண்டை தெரிஞ்ச நொடியில் அவன் முதுகுக்குப் பின்னால் ரிங்குக்கு ஓடு. ரிங்குக்குக் கிட்ட ஓடிப் போய்ப் போடுற லே-அப்புக்கு ஷூட்டர் வேண்டாம். நீ விட்டுட்டு வந்த இடத்துக்குப் பக்கத்து ஆள் வந்துடுவான். நான் முதல் மாசம் சொல்லிக்கொடுக்கிறது இவ்வளவுதான். மத்ததெல்லாம் பிறகு. (போர்டில் அம்புக்குறி போட்டு விளக்குறதை நான் விட்டே ரொம்ப நாளாச்சு. பசங்க கொட்டாவி விடுறாங்க.)

போன மேட்ச் முடிஞ்சதும் ஒரு அப்பா வந்தார். "சார், என் பொண்ணை மூலையிலேயே நிக்க வெச்சிருக்கீங்க. ரெண்டு தடவைதான் பந்தே தொட்டா." கோபம் நியாயம்தான். கார்னரில் நின்னதுக்கு ஸ்கோர் ஷீட்டில் கட்டம் கிடையாதே, நான் எதைக் காட்டுறது? மேட்ச்சும் தோத்தாச்சு.

அந்தப் பொண்ணு ஏழாம் வகுப்பு. பக்கத்தில் ஷூ லேஸைக் கழட்டிக்கிட்டே சொன்னா: "இல்லப்பா, என்னைக் கவர் பண்ணின அக்கா ரெண்டு மூணு வாட்டி உள்ள ஓடப் பாத்தாங்க. நான் கையத் தூக்கி 'பால்'னு கத்தினதும் பதறி எங்கிட்டயே திரும்பி வந்துட்டாங்க. அந்த கேப்புலதான் நம்ம கேப்டன் அக்கா உள்ள போய்ப் போட்டாங்க."