செட்டை விட்டு வந்தவர்கள்

போன ஆடியில் காசிமேட்டில் ஒரு அம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழா. ராத்திரி பத்து மணிக்கு மேடை ஏறிய ஐந்து பேரில் டிரம்ஸ் வாசித்தவன் என் அக்கா மகன். அவனும் இன்னும் இரண்டு பேரும் பத்து வருஷம் ஒரே செட்டில், அதாவது மெல்லிசைக் குழுவில், இருந்தவர்கள். காசுத் தகராறில் வெளியே வந்து, புதுப் பெயரில் ஆரம்பித்திருக்கிறார்கள். டிரம்மின் முன்பக்கத் தோலில் இருந்த பழைய பெயரைத் தின்னர் போட்டுத் துடைத்திருந்தார்கள். முழுசாகப் போகவில்லை. மேலே புது ஸ்டிக்கர் ஒட்டியும், ஃபோகஸ் லைட் பட்டால் பழைய எழுத்து இரண்டு எட்டிப் பார்த்தது.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் கூட்டத்தில் ஒரு குரல்: "தம்பி, பழைய செட்ல பாடுவீங்களே, அத எடுத்து வுடுங்க!" பாடுகிற பையன் சிரித்தான், பாடவில்லை. எனக்குப் பக்கத்து நாற்காலிப் பெரியவர், "திமிரு புடிச்சவனுங்க, வளத்தவன வுட்டுட்டு வந்துட்டானுங்க" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை, சொந்தக்காரன் என்று தெரிந்தால் வம்பு.

ஆனால் அது திமிர் இல்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

என் மகள் கொரியப் பாட்டுப் பைத்தியம். பழைய பெயரை விட்டு வந்த அங்கத்திய குழுக்களின் கதைகள் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பீஸ்ட் என்று ஒரு குழு, 2009இல் வந்தது. 2016 கடைசியில் பையன்கள் கம்பெனியை விட்டு வெளியேறினார்கள். பெயரின் உரிமை அப்போது கம்பெனியிடம் இருந்தது. 2017இல் ஹைலைட் என்ற பெயரில் திரும்பி வந்தார்கள். அது அவர்கள் பழைய பெயரில் கடைசியாகப் போட்ட ஆல்பத்தின் தலைப்பு! ஜிஃபிரெண்ட் என்ற ஆறு பெண்கள் குழு 2021 மே மாதம் ஒப்பந்தம் முடிந்து கலைந்தது. அதில் மூன்று பேர் 2022 பிப்ரவரியில் விவிஸ் ஆனார்கள்.

நம்ம ஏரியாவில் டிரேட்மார்க் எல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஸ்பீக்கர் பாக்ஸும் மிக்சரும் யாருடையதோ, பெயரும் அவருடையது. அதைவிடப் பெரிய சொத்து போன் நம்பர். வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரை கோயில் தர்மகர்த்தாக்களும் கல்யாண வீட்டுக்காரர்களும் சேமித்து வைத்திருப்பது அந்த ஒரே நம்பரைத்தான். வெளியே வந்தவன் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் புக்கிங் பழைய நம்பருக்குத்தான் போகும். துரோகி என்று திட்டுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

அதற்காக வெளியே வந்த எல்லோருக்கும் கை தட்ட மாட்டேன். பெயரை மட்டும் மாற்றிவிட்டு அதே இருபது பாட்டை அதே வரிசையில் பாடுவது பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றுவதுதான். இசைவாணியைப் பாருங்கள், ராயபுரத்துப் பெண். சின்ன வயதிலிருந்து மேடையில் சினிமாப் பாட்டு பாடியவர். இசையமைப்பாளர் தென்மா, 'குரங்கன்' என்ற பேண்டில் இருந்தவர். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதல் தடவை மேடை ஏறியபோது இந்த இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். சாவு வீட்டு வாசலில் கேட்ட கானா, கோட் போட்டுக்கொண்டு கிட்டாரோடும் ராப்போடும் வந்து நின்றது. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இசைவாணி பெயர் வந்தது. அதே மேடையில் நின்ற ராப் பாடகர் அறிவு அப்புறம் அம்பாசா என்று தனியாக ஒரு பேண்டு வைத்தார். அதற்காக இவர்களை யாரும் துரோகி என்று சொல்லவில்லையே. காசிமேட்டுப் பையனுக்கு மட்டும் ஏன் அந்தப் பட்டம்?

என் அக்கா மகன் குழு இன்னும் அந்த உயரத்தில் இல்லை. பாதிப் பாட்டு பழசுதான், ஒன்றிரண்டு சொந்தமாகக் கட்டியவை. அதில் ஒன்று சுமார். இன்னொன்று, ஐஸ் உடைக்கிற சத்தத்தைத் தாளமாக வைத்தது, நிஜமாகவே நன்றாக இருந்தது. மீன் ஏலம் போகிற இடத்தில் வளர்ந்தவனுக்குத்தான் அது தோன்றும்.

ராத்திரி ஒரு மணிக்குச் சாமான்களை டாடா ஏஸில் ஏற்றும்போது கேட்டேன், "ஏண்டா, அந்தத் தோலை மாத்தித் தொலைக்கக் கூடாதா? பழைய பேரு தெரியுது."

"தெரியட்டும் மாமா. பழகின தோலு, சவுண்டு நல்லா வருது" என்றான்.